ஆடி மாதத்துக்கும் தாங்குமா? செட்டிநாட்டில் வீட்டுத் தொழில் யோசனைகள்: ஓர் ஒப்பீடு

செட்டிநாட்டில் வீட்டிலிருந்தே ஒரு தொழில் தொடங்கலாம் என்று நினைக்கும் குடும்பத்தின் முன்னால் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் வந்து நிற்கிறது. பலகாரம், மசாலாப் பொடி, தையல், டியூஷன், பனையோலைக் கொட்டான், சேலை விற்பனை, பூர்வீக வீட்டில் பயணிகளைத் தங்க வைப்பது ஆகியவையே அவை. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ இவற்றைச் செய்து நன்றாக இருப்பவர்கள் சிலரை எவரும் கைகாட்ட முடியும் என்பதால், இது நடக்குமா என்று கேட்டால், ஏன் நடக்காது என்ற பதில் உடனே கிடைத்துவிடுகிறது. உண்மையில் கேட்க வேண்டியது அதுவன்று. நம் வீட்டில், நம் கைகளைக் கொண்டு, கையிலிருக்கும் பணத்துக்குள், ஆண்டின் மிக மந்தமான மாதத்திலும் இது நடக்குமா என்பதே கேள்வி.

மந்தமான மாதம் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்த வட்டாரத்துப் பொருள்களை வாங்கும் சக்தியில் பெரும்பங்கு ஊரில் இருப்போரிடம் இல்லை. சென்னை, பெங்களூரு, மலேசியா, சிங்கப்பூர் என்று வெளியே சென்றுவிட்ட குடும்பங்களிடம் இருக்கிறது. அவர்கள் கல்யாணத்துக்கும், அறுபதாம் கல்யாணம் போன்ற சாந்திக்கும், முன்னோருக்கான படைப்புக்கும், கோவில் திருவிழாவுக்கும் ஊருக்கு வரும்போது பூட்டிய வீடுகள் திறக்கின்றன, சமையற்காரர்களுக்கு வேலை கிடைக்கிறது, பலகாரக் கடைகளில் கூட்டம் நிற்கிறது. ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் முகூர்த்தம் இல்லை. சித்திரை வெயிலில் சுற்றுலாப் பயணிகள் இல்லை. ஆகவே தைமாதக் கணக்கையோ தீபாவளிக் கணக்கையோ வைத்து எடைபோட்டால் எல்லா யோசனையும் நல்ல யோசனையாகத்தான் தெரியும். ஆடி மாதக் கணக்கை வைத்துப் பார்த்தால் பாதி அங்கேயே கழிந்துவிடும்.

இதனுடன் இன்னும் இரண்டு அளவுகோல்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒன்று, செலவெல்லாம் போக, உழைத்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கையில் எவ்வளவு நிற்கிறது என்பது. வீட்டுத் தொழிலில் பெண்களின் உழைப்பைக் கணக்கில் எழுதாமல் விடும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. எழுதினால் பல ‘லாபங்கள்’ கூலியாகக்கூடத் தேறாமல் போகும். மற்றொன்று, அந்தத் தொழிலுக்கு வீடே இடம் தருகிறதா என்பது. இங்கே இடம் என்பது சதுர அடி மட்டுமன்று. எரிவாயு இணைப்பு, மின் இணைப்பின் வகை, தண்ணீர், வீட்டின் உரிமைப் பத்திரம் எல்லாம் அதில் அடங்கும்.

முதலில் பலகாரம். எல்லாரும் முதலில் நினைப்பதும், அதிகம் பேர் கணக்கில் தடுமாறுவதும் இதில்தான். ஓர் உதாரணக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விலைகள் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும், ஆனால் கணக்கின் அமைப்பு மாறாது. பத்து கிலோ தேன்குழலுக்குப் பச்சரிசி 7 கிலோ 385 ரூபாய், உளுந்து ஒன்றே முக்கால் கிலோ 245 ரூபாய், மாவு குடித்ததும் சட்டியில் மிஞ்சிக் கழிப்பதுமாகக் கடலை எண்ணெய் 3 லிட்டர் 660 ரூபாய், வெண்ணெய், எள், பெருங்காயம், உப்புக்கு 150, மில் கூலி 100, எரிவாயு 190, கால் கிலோ பாக்கெட்டுகளுக்கு 180 என்று வைத்தால் மொத்தம் 1,910 ரூபாய். நொறுங்கியதைக் கழித்தால் விற்கக் கிடைப்பது ஒன்பதரை கிலோ. கிலோ 420 ரூபாய் என்று வாங்குபவரிடம் நேரடியாகக் கொடுத்தால் 3,990 ரூபாய் வரும், மிச்சம் 2,080. இருவர் எட்டு மணி நேரம் அடுப்படியில் நின்றிருந்தால் 16 மணி நேர உழைப்பு. மணிக்கு 130 ரூபாய். பாக்கெட் போடுதல், தொலைபேசியில் பேசுதல், கொரியர் அலுவலகத்துக்குப் போய்வருதல் ஆகியவற்றுக்கு இன்னும் ஐந்து மணி நேரத்தைச் சேர்த்தால் அது 99 ரூபாயாக இறங்குகிறது. அதே சரக்கைக் கடைக்காரருக்கு 20 சதவீதம் கழிவில் கொடுத்தால், வாங்குபவரைத் தேடி அலையும் வேலை குறையலாம். ஆனால் மிச்சம் 1,282 ரூபாய்தான், அடுப்படி நேரத்துக்கு மட்டும் மணிக்கு 80 ரூபாய். கடைக்குப் போட்டுத் தொழிலைப் பெருக்கலாம் என்ற நினைப்பு பலகாரத்தில் பெரும்பாலும் பலிக்காமல் போவதற்குக் காரணம் இந்த வித்தியாசம்தான்.

அளவைக் கூட்டினால் செலவு குறையாதா என்று கேட்கலாம். மில் கூலியும் எண்ணெய் விலையும் சற்றுக் குறையும், கைவேலை குறையாது. சீப்பு சீடையை எடுத்துக்கொள்வோம். தேங்காய்ப் பால் விட்டுப் பிசைந்த மாவை வரிவரியாக விழும் அச்சில் பிழிந்து, துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் விரலில் சுற்றி, இரண்டு முனைகளையும் ஒட்டி எடுக்க வேண்டும். ஒட்டு சரியாக விழாவிட்டால் எண்ணெயில் பிரிந்து வாய் திறந்துகொள்ளும். பத்து கிலோவுக்கு இத்தனை ஆயிரம் சுற்று என்றால் இருபது கிலோவுக்கு அதைப்போல் இரண்டு மடங்கு. கை முறுக்கும் அப்படியே. சுற்றத் தெரிந்த கைகள் ஊரில் குறைந்துகொண்டே வருகின்றன. தெரிந்தவர்கள் கல்யாண வீடுகளுக்கும் பெரிய பலகாரக் கடைகளுக்கும் நாள் கூலிக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே பலகாரத் தொழில் தொடங்குபவர் முதலில் பதில் சொல்ல வேண்டியது அடுப்பைப் பற்றியோ பெயர்ப் பலகையைப் பற்றியோ அன்று. சுற்றுவது யார் என்பதற்குத்தான். வீட்டிலேயே அப்பத்தாவோ அயித்தையோ இருந்து, அவர்கள் சுற்றுவார்கள் என்று திட்டமிட்டால், அவர்களுடைய முழங்கால் வலியும் அந்தத் திட்டத்துக்குள் வந்துவிடுகிறது.

சட்டப்படியான தேவைகள் பயப்படும் அளவுக்குப் பெரியவை அல்ல. ஆனால் விட்டுவிடக் கூடியவையும் அல்ல. வீட்டில் செய்து விற்றாலும் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு வேண்டும். பாக்கெட்டின் மேல் அந்த 14 இலக்க எண், செய்தவர் பெயர், முகவரி, சேர்மானப் பொருள்கள், நிகர எடை, தயாரித்த நாள், எதுவரை உண்ணலாம் என்ற நாள், அதிகபட்ச விலை, சைவக் குறியீடு எல்லாம் இருக்க வேண்டும். வீட்டு உபயோக சிலிண்டரைத் தொழிலுக்குப் பயன்படுத்தக் கூடாது. வணிக சிலிண்டர்தான் வாங்க வேண்டும். மேலே உள்ள கணக்கில் எரிவாயுவுக்கு 190 ரூபாய் போட்டிருப்பது அதனால்தான். ஒருமுறை பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கும் 2018 முதல் வரம்பு உண்டு: எண்ணெயில் சிதைவுப் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அது சமையலுக்கு ஆகாது. வீட்டில் அதை அளக்கும் கருவி இருக்காது என்பதால், மிஞ்சிய எண்ணெயைக் கழித்துவிடுவதாகவே கணக்கு எழுதுவது நல்லது.

ஆடி மாதத்தில் பலகாரத்தின் நிலை என்ன? கல்யாணச் சீர் ஆர்டரை மட்டும் நம்பியிருந்தால் சட்டி கவிழ்ந்தே இருக்கும். வாராவாரம் கால் கிலோ, அரைக் கிலோ வாங்கும் உள்ளூர்க் குடும்பங்கள் முப்பது நாற்பது இருந்தால்தான் தாங்கும். அவர்களோ கல்யாண வீட்டு விலையைக் கொடுக்க மாட்டார்கள். சீர்வரிசை ஆர்டரைப் பெரும் லாபமாகவும், வார வாடிக்கையைக் கூலிக்குக் குறையாத வருமானமாகவும் பிரித்துப் பார்ப்பவர்கள் இதில் நிலைப்பார்கள் என்பது என் கணிப்பு.

மசாலாப் பொடி இதற்கு நேர்மாறான குணம் கொண்டது. பேச்சில் கவர்ச்சி குறைவு. கணக்கில் வலு அதிகம். ஐந்து கிலோ குழம்புப் பொடிக்கு மிளகாய் 2 கிலோ 440 ரூபாய், மல்லி 2 கிலோ 260 ரூபாய், மிளகு, சீரகம், சோம்பு, மஞ்சள், பருப்பு வகைகளுக்கு 450, மில் கூலி 100, பாக்கெட் 100 என்றால் செலவு 1,350 ரூபாய். கிலோ 450 ரூபாய்க்கு நேரடியாக விற்றால் மிச்சம் 900. காம்பு கிள்ளி, காயவைத்து, வறுத்து, அரைத்து, சலித்து, பாக்கெட் போட எட்டு மணி நேரம் பிடித்தால் மணிக்கு 112 ரூபாய். பலகாரத்தைவிட இது பெரிதாக உயர்ந்துவிடவில்லை. ஆனால் அளவைப் பதினைந்து கிலோவாக்கினால் நேரம் இருபத்துநான்கு மணி ஆகாது. வறுப்பதும் மில்லுக்குப் போவதும் ஒரே வேலைதான் என்பதால் பதினான்கு மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்சம் 2,700 ரூபாய், மணிக்கு 190 ரூபாய்க்கு மேல். கடைக்குக் கழிவு கொடுத்தாலும் அந்த அளவில் ஓரளவு தாங்கும். வளர வளர உழைப்பு மலிவாகும் தொழில் இது. பலகாரத்துக்கு அந்தக் குணம் இல்லை.

பொடி நொறுங்காது, கொரியரில் கெடாது, மூன்று மாதம் இருக்கும். வாங்கிய வீட்டில் தீர்ந்ததும் மறுபடி வாங்குவார்கள். குழம்பு வைப்பதற்கு முகூர்த்தம் பார்ப்பவர் யாரும் இல்லை. செட்டிநாட்டு வீட்டின் முற்றமும் மொட்டை மாடியும் பங்குனி, சித்திரை வெயிலும் இதற்கென்றே அமைந்தவை போலிருக்கின்றன. மிளகாய்க்கும் தொலைவு போக வேண்டியதில்லை. பக்கத்து மாவட்டத்து ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. கல்பாசியும் மராட்டி மொக்கும் அன்னாசிப்பூவும் சேர்ந்த கறி மசாலாவுக்கு ஊர்ப் பெயரே விளம்பரம்.

இதன் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் மிளகாய் காயாது; ஈரத்தோடு அரைத்தால் பூஞ்சை பிடிக்கும், கட்டி தட்டும். ஆகவே வெயில் காலத்திலேயே வாங்கிக் காயவைத்துக் காற்றுப் புகாமல் வைக்க வேண்டும், அதாவது நான்கைந்து மாதச் சரக்கில் பணம் முடங்கும். மேலும், கடை அலமாரியில் பெரிய நிறுவனங்களின் பொடிகள் குறைந்த விலையில் அடுக்கியிருக்கும்போது, பெயர் தெரியாத ஒரு பாக்கெட்டை யாரும் விலையைப் பார்த்து வாங்க மாட்டார்கள். சாப்பிட்டுப் பார்த்துத்தான் வாங்குவார்கள். முதல் ஆறு மாதம் மாதிரிப் பாக்கெட்டுகளுக்கே ஒரு தொகை போகும். அதைச் செலவாக எழுதத் தயங்குபவருக்கு இந்தத் தொழில் ஒத்துவராது.

தையலைப் பற்றி நம் வீடுகளில் ஒரு இளக்காரம் உண்டு; அதை ஒதுக்கிவிட்டுக் கணக்கைப் பார்க்கலாம். லைனிங் வைத்த ஒரு ரவிக்கைக்குக் கூலி 300 ரூபாய், நூல், கொக்கி, லைனிங் துணி, மின்சாரம் 65 ரூபாய், நேரம் இரண்டரை மணி என்றால் மணிக்கு 94 ரூபாய். பலகாரத்துக்குச் சமமான கூலிதான்; ஆனால் சரக்கு கெடுவதில்லை, முதலீடு ஒரு மெஷினோடு நிற்கிறது, துணியை வாடிக்கையாளரே கொண்டுவருகிறார். கவனிக்க வேண்டியது ஆடி மாதம். கல்யாணம் இல்லாத அந்த மாதத்தில்தான் ஜவுளிக் கடைகள் தள்ளுபடி போடுகின்றன, அம்மன் கோவில்களுக்குப் பெண்கள் புதுச் சேலை எடுக்கிறார்கள். எடுத்த சேலைக்கு ரவிக்கை தைத்தாக வேண்டும். வைகாசி, ஆனியில் பள்ளிச் சீருடை, ஐப்பசியில் தீபாவளி, தையில் பொங்கலும் முகூர்த்தமும் என்று ஆண்டு முழுவதும் ஏதோ ஒன்று வந்துகொண்டிருக்கும். ஆரி வேலை என்னும் ஊசிப் பூவேலை கற்றவர்களுக்குக் கூலி கூடும். ஆனால் அது மீண்டும் முகூர்த்தத்தோடு கட்டிய வேலை, கண்ணுக்கும் கழுத்துக்கும் பாரமான வேலை. இந்தத் தொழிலின் எல்லை நம் இரண்டு கைகள்தான். ஆள் வைத்தால் அளவு தவறும், அளவு தவறினால் வாடிக்கை போகும்.

டியூஷன் பலருடைய பட்டியலில் தொழிலாகவே எண்ணப்படுவதில்லை. மாதம் 500 ரூபாய் வீதம் பதினைந்து பிள்ளைகள், மாலையில் இரண்டு மணி நேரம், மாதத்தில் இருபத்தைந்து நாள் என்றால் 50 மணி நேரத்துக்கு 7,500 ரூபாய். மணிக்கு 150 ரூபாய், முதலீடு ஒரு கரும்பலகை. சிறிய அளவில் செய்யும் பலகாரத்தையும் பொடியையும்விட இது உயர்ந்த கூலி என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். அழகப்பா பல்கலைக்கழகமும் அதைச் சுற்றிய கல்லூரிகளும் உள்ள காரைக்குடியில் பட்டம் பெற்றவர்களும் அதிகம், பிள்ளைகளின் படிப்புக்குச் செலவழிக்கும் பெற்றோரும் அதிகம். அகன்ற திண்ணையும் முகப்பும் உள்ள வீட்டில் இடமும் ஒரு பிரச்சினையே அன்று. மந்தம் ஏப்ரல், மே இரண்டு மாதம் மட்டுமே. தொழிலாக வளர்க்கும் எண்ணம் இல்லாமல், மாதாமாதம் வீட்டுச் செலவுக்கு ஒரு தொகை வந்தால் போதும் என்பவர் மற்ற எதையும் யோசிக்கும் முன் இதை யோசிப்பது நல்லது.

கொட்டானையும் சேலையையும் சுருக்கமாகவே பார்க்கலாம். செட்டிநாட்டுக் கொட்டான் புவிசார் குறியீடு பெற்ற கைவினை. சாயமேற்றிய பனையோலையில் பின்னப்படும் அந்தக் கூடைகளுக்குக் கல்யாணத் தாம்பூலப் பை என்ற வகையில் சந்தை உண்டு. ஆனால் பின்னுபவருக்குக் கிடைப்பது துண்டுக் கூலி. லாபம் ஆர்டர் பிடித்துத் தருபவரிடம் நிற்கிறது. ஒருவர் வீட்டிலிருந்து செய்யும் தொழிலாக இருப்பதைவிட, பத்துப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் ஆர்டருக்கும் மற்றவர்கள் பின்னலுக்கும் என்று பிரித்துக்கொண்டால்தான் இது வேலைக்கு ஆகும். சேலையில், காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு வாட்ஸ்அப் வழியாக மறுவிற்பனை செய்பவர்கள் பெருகிவிட்டார்கள். கைத்தறியா விசைத்தறியா என்று கண்ணால் பிரித்துச் சொல்லத் தெரியாதவர் இதில் இறங்குவது ஆபத்து. ஒரு தவறான சேலை போதும், மொத்தக் குழுவிலும் பெயர் கெட. திருப்பி அனுப்பப்படும் சேலைகளில் பணம் முடங்குவதும் உண்டு. வேறு மாநிலத்துக்குச் சரக்கு அனுப்பி விற்பவர், ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாய்க்குக் குறைவு என்பதனால் மட்டும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை என்று இருந்துவிடக் கூடாது. மாநிலம் கடந்த சரக்கு விற்பனைக்குப் பொதுவாக அந்த வரம்பு பொருந்தாது. பெங்களூருக்குப் பொடி அனுப்புபவருக்கும் இதே விதிதான்.

இனி, வெளியூர்க்காரர் எவரும் முதலில் சொல்லும் யோசனை: “இவ்வளவு பெரிய வீடு சும்மாதானே கிடக்கிறது, பயணிகளைத் தங்க வைக்கலாமே!” கானாடுகாத்தானிலும் காரைக்குடியிலும் பாரம்பரிய வீடுகளை விடுதிகளாக்கி நடத்துபவர்கள் இருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்கள் பெரும் முதலீட்டோடு, சுற்றுலா நிறுவனங்களின் தொடர்போடு நடத்துபவர்கள். இரண்டு அறைகளைத் திறந்துவிட்டு வீட்டோடு நடத்த நினைக்கும் குடும்பத்தின் கணக்கு வேறு.

அதில் முதல் கேள்வி பணமன்று, பத்திரம். வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றியுள்ள அறைகள் புள்ளிக்கு, அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், ஒன்றாகப் பிரிந்திருக்கும் வீட்டில், சாவி ஒருவரிடம் இருப்பதாலேயே வீடு அவருடையதாகிவிடாது. மூன்று தலைமுறையில் பங்காளிகள் இருபது முப்பது பேராகப் பெருகியிருப்பார்கள். 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தமும் 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தமும் பெண் மக்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் உரிமை கொடுத்துவிட்ட பிறகு, அக்கா தங்கைகளின் ஒப்புதலும் வேண்டும். வீடு பூட்டிக் கிடக்கும்வரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அதில் ஒரு ரூபாய் வருமானம் வரத் தொடங்கினால், அயல்நாட்டிலிருக்கும் சித்தப்பா மகனுக்கும் நினைவு வந்துவிடும். அனைவரும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் ஓர் ஓடுகூட மாற்றக் கூடாது என்பதே நான் சொல்லக்கூடியது.

அடுத்தது வீட்டின் உடல். அறைக்குள் கழிப்பறை என்ற வழக்கம் இல்லாத காலத்தில் கட்டியவை இவை. வளவைச் சுற்றிய அறைக்குத் தண்ணீர்க் குழாயும் கழிவுக் குழாயும் கொண்டுபோக வேண்டுமென்றால் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையையோ, முட்டை வெள்ளைக் கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய சுவரையோ உடைக்க வேண்டியிருக்கும். உடைத்த இடத்தைச் சிமெண்டால் அடைத்தால், சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிட முடியாமல் ஈரத்தை உள்ளே பிடித்துக்கொள்ளும். இரண்டு மழைக்குள் பக்கத்துப் பூச்சும் பொருக்குத் தட்டும். பழைய முறையில் பூசத் தெரிந்த கொத்தனாரைப் பிடிப்பதும், அவருக்குக் காத்திருப்பதும் செலவுதான். ஓடு, மர உத்தரத்தில் கரையான், பழைய மின்கம்பிகள் என்று வரிசை நீளும். குளியலறை, மின் இணைப்பு, ஏசி, கட்டில் என்று இரண்டு அறைக்கு 6 லட்ச ரூபாய் என வைத்துக்கொள்வது தாராளமான மதிப்பீடு அன்று.

வரவைப் பார்ப்போம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மாதம் பன்னிரண்டு இரவும், மற்ற எட்டு மாதங்களில் சராசரியாக மாதம் மூன்று இரவும் இரண்டு அறைகளும் நிறைந்தால், ஆண்டுக்கு 144 அறை-இரவுகள். இரவுக்கு 2,500 ரூபாய் வீதம் 3,60,000 ரூபாய். பாதிப் பேர் இணையதளங்கள் வழியாக வந்து, 18 சதவீதம் கழிவு போனால் 32,400, ஓர் உதவியாளருக்குச் சம்பளம் 1,20,000, காலைச் சிற்றுண்டி, சலவைக்கு 57,600, மின்சாரம் 30,000. கையில் நிற்பது 1,20,000 ரூபாய். அந்த 6 லட்சம் பத்தரை சதவீத வட்டிக்கு வாங்கிய கடன் என்றால் வட்டி 63,000; மிச்சம் 57,000 ரூபாய், அதாவது மாதம் ஐயாயிரத்துக்கும் குறைவு. அசல் இன்னும் கட்டவில்லை, ஓடு மாற்றவில்லை. சித்திரை, வைகாசி வெயிலில் பயணிகள் வரமாட்டார்கள். நம் ஊர்க் கோடையை அவர்களும் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள்.

இவற்றோடு சுற்றுலாத் துறைப் பதிவும், வெளிநாட்டினர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் அரசுக்கு இணையவழி தெரிவிக்கும் கடமையும் இருக்கின்றன. ஆகவே, உரிமை ஒருவர் பெயரில் தெளிவாக இருந்து, கழிப்பறை வசதி ஏற்கெனவே செய்யப்பட்டு, கடன் வாங்காமல் செய்யக்கூடிய குடும்பத்துக்கு மட்டும் இது ஒரு நல்ல துணை வருமானம். மற்றவர்களுக்கு இது வீட்டைப் பாதுகாக்கும் செலவைப் பாதியளவு ஈடுகட்டும் வழி, பிழைப்பு அன்று. வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசையால் செய்வதானால் செய்யலாம், அதைத் தொழில் என்று சொல்லிக்கொள்ளாமல்.

இந்த ஒப்பீட்டுக்குள் சேர்க்கவே தகுதியில்லாத ஒரு வகையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ‘பதிவுக் கட்டணம் கட்டுங்கள், வீட்டிலேயே பேனா பாக்கெட் போடும் வேலை தருகிறோம்’, ‘எங்கள் இயந்திரத்தை வாங்குங்கள், நீங்கள் செய்யும் தட்டு முழுவதையும் நாங்களே திரும்ப எடுத்துக்கொள்கிறோம்’ என்பவை அந்த வகை. திரும்ப வாங்கும் வாக்குறுதியின் கதி என்ன என்பதைக் கொங்கு வட்டாரத்தில் 2012இல் சரிந்த ஈமு கோழித் திட்டங்கள் நாட்டுக்கே காட்டிவிட்டன. பொருளை விற்று லாபம் பார்ப்பவர் பொருளை விற்பார். நம்மிடம் இயந்திரத்தை விற்று லாபம் பார்ப்பவருக்கு அந்தப் பொருள் விற்றாலும் விற்காவிட்டாலும் ஒன்றுதான். சந்தையில் அந்தத் தட்டை வெளியாருக்கு என்ன விலைக்கு விற்க முடியும் என்று நாமே நான்கு கடைகளில் கேட்டுப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது? கையில் ஒரு லட்ச ரூபாய், வீட்டில் உழைக்க இருவர், வீட்டுக்கு முற்றமும் மாடியும் உண்டு என்ற நிலையில், நானாக இருந்தால் பொடியைத் தூணாகவும், பலகாரத்தை முன்பணம் வந்த ஆர்டருக்கு மட்டும் செய்யும் துணையாகவும் வைத்துக்கொள்வேன். தைக்கத் தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால் வரிசை மாறும். தையல் முதலில், பொடி பிறகு. ஒருவர் மட்டும் உழைக்க முடியும், சின்னப் பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள் என்றால் டியூஷனைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். கொதிக்கும் எண்ணெயும் தவழும் குழந்தையும் ஒரே கூரைக்குக் கீழ் இருப்பதைக் கணக்கில் எந்த இடத்திலும் எழுத முடியாது.

எதுவானாலும், இயந்திரம் வாங்குவதற்கு முன் மூன்று மாதம் விற்றுப் பார்க்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்றாவது மந்தமான மாதமாக இருக்க வேண்டும். சொந்தக்காரர்களும் அடுத்த வீட்டாரும் வாங்கியதைத் தனி நோட்டில் எழுதி ஒதுக்கிவிட வேண்டும், ஏனென்றால் அவர்கள் வாங்குவது நமக்காக. “ஆச்சி, ஒங்க கைப்பக்குவம் எந்தக் கடையிலயும் வராது” என்று சொல்பவர் மனதாரத்தான் சொல்கிறார். “சரிப்பா, அடுத்த மாசம் எத்தனை கிலோ வேணும், பாதிப் பணத்த இப்பவே போட்டுவிடுறியா?” என்று கேட்கும்போது வரும் பதில்தான் நோட்டில் ஏற வேண்டியது. மூன்றாம் மாதத்தில் முன்பின் தெரியாதவர் எத்தனை பேர் இரண்டாம் முறை வாங்கினார்கள் என்பது அந்த நோட்டின் முக்கியமான வரி.

கடன் அதற்குப் பிறகுதான். மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் கிடைக்கும். பொடிக்கு ஒரு பருவத்துச் சரக்கு வாங்க அது போதும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமப்புறப் பெண்களுக்கு 35 சதவீதம் வரை மானியம் உண்டு, ஆனால் அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு மட்டும். ஏற்கெனவே நடத்திக்கொண்டிருக்கும் தொழிலுக்கு அந்த மானியத்தைக் கேட்க முடியாது. உணவு பதப்படுத்தும் குறுந்தொழில்களுக்காக 2020இல் வந்த மத்தியத் திட்டமோ, நடந்துகொண்டிருக்கும் வீட்டுத் தொழிலையும் ஏற்கும். 35 சதவீத மானியத்துக்கு 10 லட்ச ரூபாய் உச்சவரம்பு. இரண்டுமே காலவரம்போடு நீட்டிக்கப்படுபவை என்பதால், விண்ணப்பிக்கும் ஆண்டில் அவை நடப்பில் உள்ளனவா என்பதைச் சிவகங்கையில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மானியத் தொகை பெரும்பாலும் உடனே கையில் வராது. வங்கியில் தனிக் கணக்கில் நின்று, தொழில் நடப்பது உறுதியான பிறகே கடனில் கழியும். அதுவரையிலான தவணையை மானியத்தைக் கழிக்காமல், முழுக் கடனுக்கும் போட்டுப் பார்த்து, அந்தத் தவணையை ஆடி மாத விற்பனையிலிருந்து கட்ட முடியுமா என்று கணக்கிட்ட பிறகே விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும்.